ஒரே புத்தகம், மூன்று வாரம்: எல்கேஜி ஆண்டைப் படப்புத்தகத்தோடு தொடங்க முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எல்கேஜி அறையில் பாதி அழுகை, பாதி வேடிக்கை. புதிதாக வரும் ஆசிரியர்கள் இந்த நேரத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அனா ஆவன்னா அட்டையை எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் தினம் ஒரு கதைப்புத்தகம் என்று பெட்டியையே கவிழ்க்கிறார்கள். முதலாவது ஏன் சரிப்படாது என்று இப்போது பலருக்கும் தெரியும். இரண்டாவது நல்லது போலத் தெரிவதால்தான் அதில் விழுகிறவர்கள் அதிகம். இடம் புதிது, முகம் புதிது, சத்தம் புதிது. கதையும் தினம் புதிது என்றால் 3 வயதுக் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

இங்கே சொல்லப்போவது ஒரே புத்தகத்தை 3 வாரம் வைத்து ஆண்டைத் தொடங்கும் முறை. அந்த 3 வாரத்தில் எழுத்து கற்பிப்பது நோக்கம் அல்ல. சேர்ந்து உட்காருவது, ஒரே இடத்தைப் பார்ப்பது, ஒரு வரியைச் சேர்ந்து சொல்வது, அறையின் ஒழுங்கு பழகுவது, இவ்வளவுதான். 20 முதல் 25 குழந்தைகள், ஒரு ஆசிரியர், ஒரு ஆயா அல்லது உதவியாளர் என்று கணக்கு வைத்திருக்கிறோம். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து அங்கன்வாடிக்கும் தனியார் நர்சரிக்கும் இதே முறை பொருந்தும்.

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது

மே கடைசியிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. பார்க்க வேண்டியவை:

- 12 முதல் 16 பக்கம். அதற்கு மேல் போனால் 7 நிமிடத்தில் முடியாது. 7 நிமிடம் தாண்டினால் முதல் வாரத்தில் வட்டம் கலைந்துவிடும்.
- ஒரு பக்கத்தில் ஒரே படம், ஒன்றிரண்டு வரி. 10 சொல்லுக்கு மேல் வேண்டாம்.
- தடித்த கோடு, வெறுமையான பின்னணி. இலை, பூ, பட்டாம்பூச்சி என்று மூலைமுடுக்கெல்லாம் நிரப்பிய படத்தில் கடைசி வரிசைக் குழந்தைக்கு ஆடு எது, புதர் எது என்றே தெரியாது.
- திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி. இது கட்டாயம். அந்த வரிதான் குழந்தை புத்தகத்துக்குள் நுழையும் வாசல்.

தவிர்க்க வேண்டிய கதை ஒன்று உண்டு: அம்மாவைத் தொலைத்த குட்டி தேடிக்கொண்டு போகும் கதை. படம் அழகாக இருக்கும், திரும்ப வரும் வரியும் இருக்கும். ஆகவே பலரும் இதைத்தான் எடுக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குழந்தை விசும்ப ஆரம்பித்தால் ஐந்தாம் பக்கத்தில் அறை முழுவதும் அழும். ஆகஸ்டில் படிக்கலாம். 'பள்ளிக்கூடம் போக மாட்டேன்' என்று அடம்பிடிக்கும் கதைகளும் அப்படித்தான். அடம் பிடிக்கலாம் என்று யோசனையே இல்லாத குழந்தைக்கு அந்த யோசனையைக் கொடுக்க வேண்டாம்.

புத்தகம் கிடைக்கவில்லை என்றால் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அச்சிட்டுக்கொள்ள அனுமதி உண்டு; எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும். நிலை 1 என்று குறித்தவற்றில் தேடுங்கள். பல கதைகள் உருதுவிலும் தெலுங்கிலும் அங்கேயே கிடைக்கும். அது நம் பக்கத்துக்கு எவ்வளவு உதவி என்பதை 9-ஆம் பகுதியில் பார்க்கலாம்.

2. சொந்தமாகச் செய்வதானால்: பஸ் கதை

வரையத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருந்தால் இதுவே மேல். கதை நடக்கும் இடம் குழந்தை அறிந்த இடமாக இருக்கும். கீழே ஒரு மாதிரி. இந்த வழிகாட்டி முழுவதும் இதையே உதாரணமாக வைத்துப் போகிறோம்.

முதல் பக்கம்: காட்பாடி ஸ்டேஷன் வாசலில் காலி பஸ். இரண்டாம் பக்கம் கோழி ஏறுகிறது. அடுத்து ஆடு. அடுத்து முள் கத்தரிக்காய்க் கூடையோடு பாட்டி. பிறகு நாய், பூக்கார அக்கா, பூனை. எட்டாம் பக்கத்தில் காக்கா, ஜன்னல் வழியாக. ஒன்பதில் பஸ் நிறைந்துவிட்டது. பத்தில் பாலாற்றுப் பாலம், மழை. பதினொன்றில் கோட்டை வந்தாச்சு, எல்லாரும் இறங்குகிறார்கள். பன்னிரண்டில் மறுபடி காலி பஸ். ஒரு ஜன்னல் மட்டும் பெரிதாக, உள்ளே யாரும் இல்லை.

யார் ஏறினாலும் வரும் வரி: "இடம் இருக்கா? இருக்கு இருக்கு, ஏறு ஏறு!"

இந்த வரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜூன் முழுவதும், சில இடங்களில் ஜூலையிலும், சேர்க்கை நடந்துகொண்டே இருக்கும். புதிதாக வாசலில் நிற்கும் குழந்தையைப் பார்த்து வகுப்பே சொல்லக்கூடிய வரியாக அது இருக்க வேண்டும்.

பாலத்துக்குக் கீழே நீலத் தண்ணீரை வரையாதீர்கள். பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்த குழந்தைகள் "இது கடலு மிஸ்" என்பார்கள். பேச்சு எங்கோ போய்விடும். குடியாத்தத்தில் இருப்பவர்கள் பாலாற்றுக்குப் பதில் கவுண்டன்ய ஆற்றுப் பாலத்தை வைத்துக்கொள்ளலாம். பஸ் எங்கே கிளம்பி எங்கே போகிறது என்பது உங்கள் ஊருக்கு ஏற்ப மாறலாம். ஏறும் வரிசையும் வரியும் மாறக்கூடாது.

3. பெரிய புத்தகம் கட்டுவது

கையளவுப் புத்தகத்தை 25 பேருக்குக் காட்ட முடியாது. 8 பேருக்கு மேல் இருந்தால் ஏ3 அளவு வேண்டும்.

அச்சிடுவதானால் கலர் ஜெராக்ஸ் கடையில் ஏ3, தடித்த தாள், பளபளப்பு இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் செய்தால் நாள்பட உழைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். ஆனால் டியூப்லைட்டும் வாசல் வெளிச்சமும் அதில் அடித்து, பக்கவாட்டில் உட்காருகிறவர்களுக்கு வெள்ளைத் திட்டு மட்டுமே தெரியும்.

வரைவதானால் முழு சார்ட் ஒன்றை நான்காக வெட்டினால் ஏறத்தாழ 28 × 35 செ.மீ. தாள் 4 கிடைக்கும். அட்டை 2, பக்கம் 12, ஆக 14 தாள். 4 சார்ட் வாங்கினால் 2 தாள் மிச்சம். அந்த இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள், கிழிந்த பக்கத்தைத் திரும்பச் செய்ய உதவும்.

கட்டும் முறை:

இடது ஓரத்தில் 4 செ.மீ. வெறுமையாக விட்டு வரையுங்கள். ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி மேலே, நடுவே, கீழே 3 துளை. துளை போடுவதற்கு முன்பே அந்த ஓரத்தில் செலோ டேப் ஒட்ட வேண்டும். துளை போட்ட பிறகு ஒட்டினால் பயனில்லை, ஒரு வாரத்தில் பிய்ந்துவிடும். கோர்க்க ஷூ லேஸ் நல்லது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. முடிச்சை இறுக்காமல் ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்திப் போடுங்கள். இறுக்கினால் பக்கம் முழுதாகத் திரும்பாமல் எழும்பி நிற்கும். நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர்மூலைதான் முதலில் மடங்கும்.

படத்தைத் தனியாக வரைந்து சார்ட்டில் ஒட்டுவதானால் மைதா பசை வேண்டாம். தாள் சுருளும், கரப்பான் வரும். இருபக்க டேப் போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கதையின் வரிகளைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் பின் அட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். புத்தகத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது பின் அட்டைதான். இதைச் செய்யாதவர்கள் பக்கத்துக்குப் பக்கம் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்து, மறுபடி குழந்தைகள் பக்கம் திருப்புவார்கள். அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் இரண்டு குழந்தைகள் எழுந்து போயிருக்கும்.

4. இடமும் நேரமும்

வாசலுக்கோ ஜன்னலுக்கோ முதுகு காட்டி ஆசிரியர் உட்காரக்கூடாது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் புத்தகம் இருட்டாகத் தெரியும். போதாக்குறைக்குத் தெருவில் போகும் மாடும் ஆட்டோவும் கதையோடு போட்டி போடும். சுவருக்கு முதுகு, வெளிச்சம் பக்கவாட்டில்.

ஆசிரியருக்கு ஓரடி உயர முக்காலி. குழந்தைகளுக்கு ஜமக்காளம், இரண்டு அரைவட்டம். முன்வரிசை புத்தகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. அரைவட்டத்தின் முனைகள் ஆசிரியரின் தோள் கோட்டுக்குப் பின்னால் போகக்கூடாது. புத்தகத்தின் கீழ் விளிம்பு குழந்தையின் முகவாய் உயரத்தில் நிற்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி: குழந்தைகள் வருவதற்கு முன் உதவியாளரைப் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசை முனையில் தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண் உயரத்தில் போனில் ஒரு படம் எடுங்கள். ஆடு ஆடாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், பக்கம் படபடக்கும். வேறு இடம் இல்லையென்றால் துணி கிளிப் இரண்டு கையில் இருக்கட்டும்.

நேரம் காலை 10 மணியை ஒட்டி. வேலூர் வெயிலில் ஷீட் கூரை போட்ட அறை 11 மணிக்கு மேல் கதைக்கு லாயக்கில்லை. சாப்பாட்டுக்கு முன் பசி, பின் தூக்கம். 10 மணிக்கு முன்னால் வைத்தால் தாமதமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக நுழைந்து கலைப்பார்கள். ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாக்கள் சீக்கிரமே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டி கூட்டிவரும் குழந்தைதான் பிந்தி வரும்.

5. ஒத்திகை

ஐந்து முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். கைக்கடிகாரம் வைத்துப் படித்தால் 12 பக்கத்துக்கு 4 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, 7-ஐத் தாண்டக்கூடாது. எல்லாரும் வேகமாகத்தான் படிக்கிறோம்.

6. முதல் இரண்டு நாள்: புத்தகம் பீரோவிலேயே இருக்கட்டும்

ஆர்வத்தில் முதல் நாளே புத்தகத்தை எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அன்று குழந்தையின் கண் வாசலில் இருக்கும், புத்தகத்தில் இருக்காது. கேட்காத காதுக்குக் கதையைச் சொல்லித் தீர்த்துவிட்டால் மூன்றாம் நாள் அது பழைய கதை, ஆனால் தெரியாத கதை.

முதல் நாள் வரியை மட்டும் அறிமுகப்படுத்துங்கள். ஒரு குழந்தை ஜமக்காளத்தில் உட்கார வரும்போது நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்: "இடம் இருக்கா? இருக்கு இருக்கு, ஏறு ஏறு!" அவ்வளவுதான். சொல்லச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள் பஸ் விளையாட்டு. பாயை நீளமாக விரித்து இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, நீங்கள் கண்டக்டர். "ரைட்" என்றால் பஸ் போகும், கை உருளும். "ஹோல்டான்" என்றால் எல்லாம் நிற்கும். டவுன் பஸ்ஸில் வந்துபோகும் குழந்தைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் ஏற்கனவே தெரியும். 'கை கட்டு, வாயில் விரல் வை' என்பதை விட்டுவிட்டு இந்த "ஹோல்டான்"-ஐ அறையின் நிறுத்தச் சொல்லாக்கிக்கொள்ளுங்கள். கத்தாமல் ஒருமுறை சொன்னால் போதும் என்ற நிலை இரண்டாவது வாரத்தில் வரும். விசில் மட்டும் வேண்டாம். ஒரு விசில் வந்தால் 25 வாய்க்கும் அது வேண்டும்.

7. மூன்றாம் நாள்: படம் மட்டும்

பத்து நிமிடம் ஒதுக்குங்கள், ஐந்தில் முடிந்தாலும் சரி.

அட்டையைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் 15 எண்ணுங்கள். இதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினம், 3 எண்ணுவதற்குள் "இது என்ன? பஸ்! பஸ் என்ன கலர்? சிவப்பு!" என்று கேள்வியும் பதிலும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிடும். 15 எண்ணும்வரை பொறுத்தால் ஒரு குழந்தை எதையாவது சொல்லும். அதைத் திருப்பிச் சொல்லுங்கள், கொஞ்சம் நீட்டி. "கோழி கீது மிஸ்" என்றால் "ஆமா, கோழி இருக்கு, பஸ்ஸில ஏறப் போகுது." 'கீது' தப்பு என்று திருத்தாதீர்கள். திருத்தினால் அந்தக் குழந்தை இரண்டு வாரம் வாயைத் திறக்காது. உங்கள் பதிலில் சரியான வடிவம் இருக்கிறது, காதில் விழும்.

முதல் நான்கு படத்தோடு மூடிவிடுங்கள். "மீதிப் பேர் நாளைக்கு ஏறுவாங்க." கதையை முடிக்காமல் மூடுவது சிலருக்கு மனசு கேட்காது. ஆனால் நாளை வர ஒரு காரணம் குழந்தைக்கு வேண்டும். அழுகிற குழந்தைக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும்.

கலர், எண்ணிக்கை, 'இது பறவையா விலங்கா' என்ற கேள்விகள் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். தேர்வு வைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், பதில் தெரிந்த மூன்று பேர் மட்டுமே பேசுவார்கள்.

8. நான்காம் நாள் முதல் இரண்டாம் வாரம் முடிய: படிப்பதும் திரும்பப் படிப்பதும்

நான்காம் நாள் முழுக்கதை, நிறுத்தாமல். இடது கையால் கீழ் விளிம்பின் நடுவே பிடித்து, வலது கையால் பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கை படத்தை மறைக்கக்கூடாது. புதுப் பக்கம் வந்ததும் இரண்டு மூச்சு விட்டுவிட்டுப் படியுங்கள்; கண் முதலில் பார்க்கட்டும், காது பிறகு.

அச்சில் இருக்கும் சொற்களை அப்படியே படியுங்கள். இன்று "ஏறிச்சு", நாளை "ஏறியது", அடுத்த நாள் "ஏறிக்கிச்சாம்" என்று மாற்றினால் கதை புரியும், ஆனால் தாளில் இருப்பது எப்போது படித்தாலும் ஒன்றுதான் என்ற புரிதல் வராது. பின்னால் எழுத்து படிக்க அடித்தளமே அந்தப் புரிதல்தான். புத்தகத்தின் தமிழ் மாற்றிச் சொல்லியே ஆக வேண்டிய அளவுக்குக் கரடுமுரடாக இருந்தால், தேர்ந்தது தவறான புத்தகம்.

முடிந்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். மூடி, மடியில் வைத்து, ஒரு கணம் சும்மா இருங்கள். பேச்சு வந்தால் வரட்டும்.

ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை. இப்போது "இடம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மீதியை அவர்கள் சொல்வார்கள். நான்கைந்து பேர் சொன்னாலே போதும்.

இரண்டாம் வாரம் இப்படிப் போகலாம்:

திங்கள்: முழுக்கதை, எந்த மாற்றமும் இல்லாமல். இரண்டு நாள் விடுமுறையில் பாதி மறந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களும் இருப்பார்கள்.

செவ்வாய்: பக்கம் திருப்புவதற்கு முன் "அடுத்து யாரு?" இது ஊகம் அல்ல, நினைவு, எனவே எல்லாருக்கும் பதில் தெரியும். தெரிந்ததைச் சொல்வதில் வரும் தைரியம்தான் இப்போது தேவை.

புதன்: வேண்டுமென்றே தவறாகப் படியுங்கள். ஆடு ஏறும் பக்கத்தில் "யானை ஏறிச்சு" என்று. அறையே கத்தும். இதுவரை வாயே திறக்காத குழந்தை அன்றைக்குத்தான் "இல்ல!" என்று முதல் சொல்லைச் சொல்லும், உதவியாளரை அதைக் கவனித்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தவறுங்கள். பக்கத்துக்குப் பக்கம் செய்தால் கூத்தாகிவிடும்.

வியாழன்: நடிப்பு. முகமூடி வேண்டாம், வியர்க்கும், அழுவார்கள். நூலில் கட்டிய படஅட்டை கழுத்தில் தொங்கினால் போதும். எல்லாரும் கோழி ஆக வேண்டும் என்றால் ஆறு கோழி ஏறட்டும், பஸ்ஸில் இடம் இருக்கிறது.

வெள்ளி: திரும்ப வரும் வரியின் கீழ் மட்டும் விரலை ஓட்டிப் படியுங்கள். முதல் வாரத்தில் இதைச் செய்யாததற்குக் காரணம், விரல் போகும் இடத்துக்கே கண் போகும், படத்தைப் பார்க்காது. இப்போது படம் மனப்பாடம், கண்ணுக்கு வேலை இல்லை, எழுத்தைப் பார்க்கலாம். எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். யாராவது தானாக "என் பேர்ல இருக்கிற எழுத்து" என்று காட்டினால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

9. வீட்டில் உருது, வீட்டில் தெலுங்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசலாம். குடியாத்தம், காட்பாடி, ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. இந்தக் குழந்தைகள் பேசாமல் இருப்பதைப் பார்த்து 'மந்தம்' என்று முடிவுகட்டுவதுதான் இந்தப் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு.

கதையில் வரும் பெயர்களுக்கு வீட்டுச் சொல்லை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பஸ் கதைக்கு: கோழி, உருதுவில் முர்கி, தெலுங்கில் கோடி. ஆடு, பக்ரி, மேக. நாய், குத்தா, குக்க. காக்கா, கவ்வா, காகி. பூனைக்கு இரண்டிலும் பில்லி என்றே எழுதலாம், ஆனால் முதல் ஒலி உருதுவில் b, தெலுங்கில் p. உச்சரிப்பை ஆயாவிடமோ பெற்றோரிடமோ கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் படம் பார்க்கும்போது அந்தச் சொற்களைப் பயன்படுத்துங்கள். குழந்தை "முர்கி" என்றால் "ஆமா, முர்கி, கோழி" என்று சொல்லி அடுத்ததற்குப் போங்கள். ஆனால் கதையைப் படிக்கும்போது வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். 7 நிமிடம் 14 ஆகும், திரும்ப வரும் வரியின் தாளம் உடையும், தாளம் போனால் சேர்ந்து சொல்ல முடியாது. தேவைப்பட்டால் வேறொரு நேரத்தில் அந்தக் குழந்தைகளை மட்டும் வைத்து அவர்கள் மொழியில் முழுவதும் ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். அதைப் பாட்டி யாராவது செய்தால் இன்னும் நல்லது.

10. டிக்கெட்: பெயர் அட்டையும் வருகைப் பதிவும்

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் சேர்க்க வேண்டியது. இதை முதல் வாரத்திலேயே செய்யப் பார்த்தால் அட்டை தொலைந்து அழுகைதான் மிஞ்சும்.

8 × 6 செ.மீ. அட்டை, குழந்தைக்கு ஒன்று. அதில் பெயர், தடித்த எழுத்தில். பக்கத்தில் ஒரு சின்னம்: மாம்பழம், பட்டம், பம்பரம், செம்பு, குடை. ஒரு வகுப்பில் ஒரு சின்னம் ஒருவருக்கு மட்டுமே. அதே சின்னம் பை மாட்டும் ஆணியிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஒட்டப்பட வேண்டும். பெயரைப் படிக்கத் தெரியாத குழந்தை சின்னத்தை வைத்துத் தன் அட்டையை எடுக்கும். எடுக்க எடுக்கப் பெயரின் வடிவம் பழகும். செப்டம்பர் வாக்கில் சின்னத்தை மறைத்துப் பார்த்தால் எவ்வளவு பேருக்குப் பெயர் தெரிகிறது என்பது தெரியும்.

ஜன்னல் ஜன்னலாகப் பை தைத்த துணி பஸ் ஒன்றைச் சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். காலையில் வந்ததும் டிக்கெட்டை எடுத்து ஜன்னலில் செருக வேண்டும். 10 மணிக்கு மேஜையில் மிச்சம் இருக்கும் டிக்கெட்டுகள் வராதவர்கள். வட்டத்தில் "யாருக்கு இடம் காலியா இருக்கு?" என்று பார்த்துவிட்டுக் கதைக்குப் போகலாம்.

பூ, ரோஜா, தாமரை, மல்லி என்று நான்கு பேருக்குப் பூவே கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. 3 வயதுக் கண்ணுக்கு அது நான்கும் ஒன்றுதான்.

11. அழும் குழந்தை

வட்டத்துக்குள் இழுத்து உட்கார வைக்காதீர்கள். ஆயாவோடு வாசல் பக்கம், புத்தகம் தெரியும் தூரத்தில் இருக்கட்டும். அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருக்கும், நம்பவில்லை என்றால் வீட்டில் விசாரியுங்கள், சாயங்காலம் "இடம் இருக்கா" என்று பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

கையில் ஒரு பொருள் உதவும். கோழிப் படஅட்டையைக் கொடுத்து "கோழி ஏறும்போது கொண்டுவந்து தரணும்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் வேறொரு அட்டையைக் காட்டிக் கதையைத் தொடருங்கள், கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். 'அழுதா பஸ்ல ஏத்த மாட்டோம்' என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது. மூன்று வாரம் சொல்லிக்கொடுக்கும் ஒரே வரியை அது கெடுத்துவிடும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒரு குழந்தை புத்தகத்துக்கு மிக அருகே வந்து பார்க்கிறது, அல்லது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்றால், அதை வெறும் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள், கண்ணிலோ காதிலோ குறை இருக்கலாம். தேதியோடு குறித்து வைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டுங்கள்.

12. வகுப்பின் சொந்தப் புத்தகம்

கடைசிப் பக்கத்தில் காலியாக விட்ட ஜன்னல் இதற்குத்தான்.

ஏ4 தாளில் ஒரு பெரிய ஜன்னல் சட்டம் அச்சிட்டு, குழந்தைக்கு ஒன்று. ஜன்னலுக்குள் தன்னை வரைய வேண்டும். கீழே ஒரு வரி: "சல்மா ஏறியாச்சு." 'ஏறியாச்சு' என்று வைத்தால் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரி. பிறகு "உன்கூட யாரைக் கூட்டிட்டு வர்றே?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். "எங்க ஆயா, அப்புறம் டிவி" என்றால் அதுவே. எழுதியதை விரல் ஓட்டிப் படித்துக் காட்டுங்கள். தான் பேசியது தாளில் நிற்கிறது என்று குழந்தை பார்ப்பது இங்கேதான் முதல்முறை.

ஒரு நாளைக்கு 3 பேர், ஆளுக்கு 5 நிமிடம். 25 பேருக்கு 9 வேலை நாள் ஆகும். ஆகவே இரண்டாம் வாரம் செவ்வாய் அன்றே தொடங்கினால்தான் மூன்றாம் வாரக் கடைசியில் முடியும். ஒரே நாளில் முடிக்கலாம் என்று 25 தாளையும் விநியோகித்தால், ஒரு குழந்தை பஸ்ஸை வரைவதைப் பார்த்து எல்லாரும் பஸ்ஸை வரைவார்கள், நீங்கள் யாரிடமும் எதையும் கேட்டிருக்கவும் மாட்டீர்கள்.

கிறுக்கலாக இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள். கண்ணும் மூக்கும் சேர்த்து 'அழகுபடுத்தி'னால் அந்தப் பக்கம் அவர்களுடையது அல்ல, திறந்தும் பார்க்க மாட்டார்கள். படத்துக்குப் பதில் போட்டோ ஒட்டுவதானால் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்காக 5 வெற்றுத் தாளைக் கடைசியில் சேர்த்தே கட்டுங்கள். ஷூ லேஸ் முடிச்சைத் தளர்வாகப் போடச் சொன்னதற்கு இங்கேயும் பயன் உண்டு.

13. வீட்டுக்கு அனுப்புவது

கதையை ஏ5 அளவில் கறுப்பு வெள்ளையில் 6 படி எடுத்து, மஞ்சப்பையில் போட்டு, நாளுக்கு 6 பேர் வீதம் சுற்றுக்கு விடுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடம் போகும் என்பதை நினைவில் வையுங்கள். 'குழந்தைக்குப் படித்துக் காட்டவும்' என்று சீட்டு எழுதி அனுப்பினால் பை திறக்கப்படாமலே திரும்பும். விடும் நேரத்தில் வாசலில் நின்று ஒரு வரி சொன்னால் போதும்: "படத்தைப் பார்த்து குழந்தையே கதை சொல்லும், நீங்க கேட்டா போதும்மா."

ஒன்றிரண்டு படி திரும்பி வராது. அதற்காக யாரையும் கேட்டுக் கண்டிக்க வேண்டாம், வேறு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.

14. அடுத்த புத்தகத்துக்கு எப்போது போவது

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் வரியைச் சேர்ந்து சொல்கிறார்கள், யாராவது ஒரு குழந்தை புத்தகத்தைத் தானாக எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்டிச் 'சொல்கிறது' என்றால் போகலாம். 'எனக்கு அலுத்துவிட்டது' என்பது காரணம் அல்ல. ஆசிரியருக்கு ஐந்தாவது முறையே அலுத்துவிடும், குழந்தைகளுக்கு அப்போதுதான் பிடிபடும்.

இரண்டாவது புத்தகத்திலும் திரும்ப வரும் வரி இருக்கட்டும், ஆனால் ஆள் ஏறும் கதையாக இருக்க வேண்டாம். பழைய புத்தகத்தைப் பீரோவில் பூட்டாமல் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழியும். கிழிந்த பக்கத்தை அவர்கள் முன்னால், அவர்களையே டேப் பிடிக்கச் சொல்லி ஒட்டுங்கள். முதலில் கிழிவது பெரும்பாலும் காக்காப் பக்கம்தான், அந்த மிச்சம் வைத்த இரண்டு சார்ட் தாளில் ஒன்று அதற்குப் போகும்.